ஆபத்தின் வாசகர் யார்? ஓசூர் சாலையும் லாரி விதிகளும்

கனரக லாரிகளை நகரத்திற்குள் எந்நேரத்தில் அனுமதிப்பது, அபாயகரமான சரக்கை எவ்வாறு கொண்டுசெல்வது என்னும் வினாக்கள் பெரும்பாலும் போக்குவரத்து நிர்வாகம் சார்ந்தவையாகவே பேசப்படுகின்றன. அவற்றுள் ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. தடையும் எச்சரிக்கையும் எழுத்தாகவோ குறியாகவோதான் சாலைக்கு வருகின்றன. அவை யாரை நோக்கி எழுதப்பட்டன என்பதைக் கொண்டே, யாருடைய பாதுகாப்பைச் சட்டம் முதன்மையாகக் கருதியது என்பதை அறிய முடியும். பெங்களூரின் தெற்கே ஓசூர் சாலையில் அமைந்துள்ள பொம்மனஹள்ளி இதனை ஆராய்வதற்கு ஏற்ற இடம்.

கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் பகுதிகளிலிருந்து பெங்களூருக்கு வரும் சரக்கு லாரிகளுக்கு ஓசூர் சாலையே இயல்பான வழி. தென்மண்டல எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்தின் தலைமையிடம் நாமக்கல் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பொம்மனஹள்ளி 2007 வரை தனி நகராட்சியாக இருந்தது. அவ்வாண்டு ஏழு நகராட்சிகளும், கெங்கேரியும், 110 கிராமங்களும் பெங்களூரு மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டபோது அதுவும் உள்வந்தது. 2010 ஜனவரியில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் சுமார் 10 கிலோமீட்டர் மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. நகரத்தின் வெளிவாசலாக இருந்த சாலை, ஆடைத் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய உள்சாலையாக மாறியது.

நகரங்கள் லாரிகளுக்கு நேரத்தடை விதிக்கும் அதிகாரம் பழையது. பிரித்தானிய இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் இருந்த அவ்வதிகாரம், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பொதுப் பாதுகாப்பு அல்லது வசதி கருதியும், சாலை அல்லது பாலத்தின் தன்மை கருதியும் வாகனங்களைத் தடுக்கலாம். தடையை அரசிதழில் அறிவிக்க வேண்டும். உரிய இடங்களில் குறிப்பலகைகளை நிறுவ வேண்டும். ஒரு மாதத்திற்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்புத் தேவையில்லை. சூழலுக்கு ஏற்ப உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். ஆக, தடை என்பது உள்ளூர் மக்களுக்கும் தெரிய வேண்டிய செய்தி என்பதை இப்பிரிவு ஏற்றுக்கொள்கிறது.

இதே பிரிவு விலக்குகளுக்கும் இடமளிக்கிறது. பால், காய்கறி, எரிபொருள் முதலிய இன்றியமையாப் பொருள்களுக்கு விலக்கு அளிப்பது இந்திய நகரங்களில் வழக்கம். சமையல் எரிவாயுவும் பெட்ரோலும் இன்றி நகரம் இயங்காது என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் விளைவு முரணானது: செங்கல் ஏற்றிய லாரி எல்லையில் காத்திருக்கும்போது, தீப்பற்றும் சரக்கை ஏற்றிய டேங்கர் குடியிருப்புகளின் வழியே செல்ல இயலும். நேரத்தடை நெரிசலைக் குறைக்கும் கருவி. ஆபத்தைக் கையாளும் பொறுப்பு வேறொரு விதித்தொகுப்பிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

அத்தொகுப்பு 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். 1984 போபால் பேரழிவையும் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் அடுத்து, அபாயப் பொருள்கள் குறித்துச் சட்டம் விரிவாகப் பேசத் தொடங்கிய காலம் அது. இவ்விதிகளில் 129 முதல் 137 வரையிலானவை அபாயச் சரக்குக்கு உரியவை. 9ஆம் விதி, இத்தகைய சரக்கை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு ஆங்கிலத்தோடு அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றையேனும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. தனிப்பயிற்சிச் சான்றிதழையும் கேட்கிறது. ஓட்டுநரை ஒரு வாசகராக வரையறுக்கும் விதி இது. நாமக்கல் ஓட்டுநர் தமிழறிந்தவராக இருந்தால் போதும். அவர் கடந்து செல்லும் ஊரின் கன்னடத்தை விதி கோரவில்லை.

134ஆம் விதி வாகனத்தின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் அவசரத் தகவல் பலகை வேண்டும் என்கிறது. சரக்கின் தொழில்நுட்பப் பெயரை 50 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரமுள்ள எழுத்தில் எழுத வேண்டும். எழுத்தின் உயரத்தை அளந்து சொல்லும் விதி, எழுத்தின் மொழியைச் சொல்லவில்லை. வழக்கில் அது ஆங்கிலமே. பலகைகளில் காணப்படும் ஹாஸ்கெம் குறியீடு 1970களில் லண்டன் தீயணைப்புப் படையினர் தம் பயன்பாட்டுக்காக உருவாக்கியது. அக்குறியீட்டின் இறுதியில் ஆங்கில ‘ஈ’ எழுத்து இருந்தால், சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவது குறித்துச் சிந்திக்க வேண்டும் என்று பொருள். பெட்ரோல், சமையல் எரிவாயு இரண்டின் குறியீடுகளும் அவ்வெழுத்திலேயே முடிகின்றன. சாலையோரம் வாழ்பவருக்கு மிகவும் தேவையான செய்தி, அவரால் பொருள் கொள்ள முடியாத ஓர் எழுத்தில் அடங்கியுள்ளது.

உலகப் பொதுக்குறிகளுக்குப் பயன் உண்டு என்பதை மறுக்க இயலாது. ஐக்கிய நாடுகள் அவையின் பரிந்துரைகள் 1956 முதல் வெளிவருகின்றன. அவற்றின் எண்முறையால் பெட்ரோல் எந்நாட்டிலும் 1203தான். பல மாநிலங்களைக் கடக்கும் லாரி எல்லா மொழிகளையும் சுமக்கவும் முடியாது. சுடர் வரைந்த சாய்சதுரம் சரக்கு எரியும் என்பதை எவருக்கும் உணர்த்தும். ஆனால் எப்பக்கம் விலக வேண்டும், அடுப்பை அணைக்க வேண்டுமா என்பவற்றை அது உணர்த்தாது. 2012 ஆகஸ்ட் 27 அன்று கேரளத்தின் கண்ணூர் அருகே சாலாவில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்ததில் 20 பேர் உயிரிழந்தனர். காற்றைவிடக் கனமான அவ்வாயு தரையோடு பரவி வீடுகளை எட்டும். தீயணைப்புப் படை வருமுன் பலகையின் எதிரே நிற்பவர்கள் அப்பகுதி மக்களே.

2019இல் போக்குவரத்து வாகன ஓட்டுநர்களுக்கான எட்டாம் வகுப்புத் தகுதி நீக்கப்பட்டது. அபாயச் சரக்கு உரிமத்தின் காலம் ஓராண்டிலிருந்து மூன்றாண்டாக உயர்ந்தது. திருத்தங்கள் யாவும் ஓட்டுநரைச் சுற்றியே நிகழ்ந்தன. ‘ஈ’ எழுத்தின் பொருளை ஓசூர் சாலையோரக் கடைக்காரருக்கும் தொழிற்சாலைப் பெண்களுக்கும் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் விளக்குவது பெரும் செலவு பிடிக்கும் வேலை அன்று. ஒரு மாதத் தடைக்கே உள்ளூர் விளம்பரம் வேண்டும் என்று கருதிய சட்டம், அன்றாடம் கடந்து செல்லும் ஆபத்துக்கு அதனைக் கேட்காதிருப்பது மொழிக்கொள்கையின் குறையாகவே கொள்ளத்தக்கது.