மண்காப்பும் சட்ட அங்கீகாரமும்: பூண்டுலோயாப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மண்ணைப் பாதுகாப்பவர் யார் என்ற வினாவுக்கு இருவகை விடைகள் உண்டு. மழைக்காலத்தில் மண்வெட்டியுடன் சரிவில் நின்று கான் வெட்டுபவர் என்பது ஒன்று. காணி உறுதியில் பெயர் பொறிக்கப்பட்டவர் என்பது மற்றையது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் இவ்விரு விடைகளும் ஒரே மனிதரைக் குறிக்காமற் போயின. நுவரெலியா மாவட்டத்திலுள்ள பூண்டுலோயாவின் ஓடைகள் கொத்மலை ஓயாவைச் சேர்ந்து, அதன்வழி மகாவலியை அடைகின்றன. இங்கு கரையும் மண் இங்கேயே நின்றுவிடுவதில்லை. ஆகவே இச்சரிவுகளைக் காக்கும் மக்கட் குழுக்களுக்குச் சட்டம் எத்தகைய இடத்தை வழங்கியது என்பது ஆராய்தற்குரியது.

உள்ளூர்க் குழுக்களுக்குச் சட்டவலு அளிக்கும் வழக்கம் இலங்கைக்குப் புதிதன்று. கண்டி இராச்சியத்தில் வயலும் நீரும் பற்றிய பிணக்குகளைக் கிராமச் சபைகள் தீர்த்துவந்தன. பிரித்தானியர் ஆட்சியில் இம்மரபு நலிவுற்றதாயினும், நீர்ப்பாசன வழமைகளைப் பேணுமாறு 1856ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதற்கு மீண்டும் உயிரூட்டியது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் அதனை மேலும் விரிவாக்கிற்று. ஆனால் இவ்வங்கீகாரம் பள்ளத்தாக்கின் வயலோடு நின்றுவிட்டது. வயலுக்கு மேலிருந்த காடும் சேனையும் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டத்தின் வாயிலாக அரசுடைமையாக்கப்பட்டுத் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. ஒரே மலையின் அடிவாரம் ஒரு சட்டத்தின் கீழும், சரிவு வேறொரு சட்டத்தின் கீழும் வந்தமை இவ்வாறேயாம்.

கோப்பிக் காலத்தில் சரிவுகளின் காடு அழிக்கப்பட்டது. புல் பூண்டு எதுவுமின்றி நிலத்தை வெறுமையாக வைத்திருப்பதே நல்ல பராமரிப்பெனக் கருதப்பட்டமையால், மேல்மண் மழையோடு கரைந்தோடிற்று. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் விடுத்த ஆலோசனையையடுத்து, 1873ஆம் ஆண்டில் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது தடைசெய்யப்பட்டது. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயாற் கோப்பி வீழ்ச்சியுற, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுதல், தூர்ந்த கானை வாருதல், கற்களை அடுக்கி மண்ணை மறித்தல், பிற்காலத்தில் மானாப்புல்லும் கௌத்தமாலாப் புல்லும் நட்டுத் தரிசான மலையைத் தேற்றுதல் ஆகியன தோட்டத்தின் அன்றாட வேலைகளாயின. இவற்றைச் செய்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். எந்த மலையில் எந்த இடம் முதலில் சரியும் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். எனினும் இவ்வறிவு கூலி வேலையாகச் செக்ரோலிற் பதியப்பட்டதேயன்றிப் பொறுப்பாகவோ உரிமையாகவோ எங்கும் பதியப்படவில்லை.

1937ஆம் ஆண்டை இங்கு சிறப்பாகக் குறிப்பிடலாம். பெரும் புழுதிப்புயல்களால் மண்ணை இழந்த ஐக்கிய அமெரிக்காவில், பயிரிடுவோரே வாக்களித்து அமைக்கும் மண் பாதுகாப்பு மாவட்டங்களுக்குச் சட்டம் இயற்றுமாறு சனாதிபதி ரூஸ்வெல்ட் அவ்வாண்டிலே மாநில ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டார். அத்தகைய முதலாவது மாவட்டம் வட கரோலினாவில் அவ்வாண்டிலேயே அமைந்தது. அதே காலத்தில் இலங்கை அரசாங்க சபையில், கிராமச் சபைத் தேர்தலில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை வழங்கலாமா என்பது பெரும் சர்ச்சையாயிற்று. முடிவில் தோட்டங்களில் வாழ்ந்தோர் விலக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவ்விலக்கலை நாடளாவியதாக்கியது.

சுதந்திரத்தின் பின்னர் எழுந்த சட்டங்களிலும் இப்பிளவு தொடர்ந்தது. 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம், மண்ணரிப்புக்கு உள்ளாகும் பிரதேசங்களைப் பிரகடனஞ் செய்து, அங்கு மேற்கொள்ளவேண்டிய பணிகளைக் காணிச் சொந்தக்காரரின் கடமையாக்கிற்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 1979ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டத்துக்கு 1991இல் வந்த திருத்தம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அவற்றின் பதிவை விரிவாக வகுத்தது. இவையாவும் நெல்வயலையும் சிறு கமக்காரரையும் மையமாகக் கொண்டவை. மலைச்சரிவிற் கூலிக்கு உழைப்போர் அவற்றின் மையத்தில் இடம்பெறவில்லை. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் முகாமையாளரே மாறினர். தொழிலாளியின் நிலை மாறவில்லை. இதற்கிடையில், 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கம் மேற்சரிவின் மண்ணை நாட்டின் மின்வலுவோடும் பாசனத்தோடும் பிணைத்துவிட்டது.

தோட்ட நிலத்தைப் பேணுவது முகாமையின் கடமை. அதற்கெனத் தனியான மக்கட் குழு எதற்கு என வாதிடுவோரும் உளர். செலவும் பொறுப்பும் முகாமையைச் சார்ந்தவை என்றவளவில் இவ்வாதம் நியாயமானதே. ஆயினும் கான் வெட்டும் ஆட்கள் குறைக்கப்படும்போது அதனைக் கேள்விகேட்கும் தகுதி பெற்றவர் எவருமில்லை என்பதே சிக்கல். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைச் செயலாக்கும் அதிகாரமும் குடியேறுவதற்குச் சொந்தக் காணியும் மக்களிடம் இருக்கவில்லை. அறிவு இருந்தும் அதிகாரம் இல்லாத இடத்தில் உயிர்கள் இழக்கப்பட்டன.

சட்டத்திற் பதிவது மட்டும் போதுமானதன்று என்பதையும் வரலாறு காட்டுகிறது. நெற்காணிச் சட்டத்தின் கீழ்த் தெரிவுசெய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்கள், 1973ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைச்சரின் நியமனம் பெற்ற குழுக்களாயின. தெரிவு நியமனமானதும் குழு மக்களுடையது என்ற தன்மையை இழந்தது. எனவே அங்கீகாரம் பெறும் குழு உறுப்பினராலே தெரிவாவதும், கணக்குக் காட்டுவதும், நிலத்தின் நிலையைப் பரிசோதித்து வெளியிடுவதும் இன்றியமையாதனவாம்.

2018ஆம் ஆண்டு ஓகஸ்டில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 வீடுகள், வீட்டுக்கு 7 பேர்ச் காணியோடு கையளிக்கப்பட்டன. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குட் பணம் செலவிடுவதற்கிருந்த தடையும் அவ்வாண்டின் சட்டத் திருத்தத்தால் நீங்கிற்று. தலைமுறைகளாகச் சரிவைக் காத்தோர் அதன் சிறு துண்டொன்றுக்கேனும் உரியவராயினர். எனினும் வீட்டுக்கு மேலுள்ள கானும் கீழுள்ள ஓடையும் 7 பேர்ச்சுக்குள் அடங்குவனவல்ல. வயலுக்கு நீர் பகிரும் கமக்காரர் குழுவுக்கு 1856 முதல் சட்டம் அளித்துவரும் மதிப்பை, அந்நீர் பிறக்கும் மலையைக் காக்கும் குழுவுக்கும் அளிப்பதே இவ்வரலாறு வேண்டிநிற்கும் முடிபாகும்.