படர்க்கையில் ஒரு குற்றம்

பெரிய வெள்ளிக்கிழமையைச் சடங்குகளின் பட்டியலாகப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. சிலுவையில் இறந்தவருக்காக அன்று எல்லா தேசத்திலும் அழுகிறார்கள். கொன்றது யார் என்பதற்கு அந்த அழுகை தரும் பதில்தான் வேறுபடுகிறது.

நான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஜெருசலேம் போன எஜீரியா என்ற யாத்ரீகப் பெண் இந்த நாளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறாள். மேஜைமேல் சிலுவை மரம். இரு முனைகளையும் பிஷப் பிடித்துக்கொண்டிருக்க, ஜனங்கள் வரிசையாகக் குனிந்து முத்தமிடுகிறார்கள். முன்பு எவனோ முத்தமிடும் சாக்கில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துப்போய்விட்டானாம். அதனால் சுற்றிலும் காவல். நண்பகலிலிருந்து மூன்று மணிவரை வாசகங்கள். தங்களுக்காக ஆண்டவர் பட்ட பாடுகளை நினைத்து அழுகிறார்கள்.

லத்தீன் வழிபாட்டில் அன்று பல தரப்பினருக்காகவும் முழங்காலிட்டு ஜெபிப்பது வழக்கம். யூதருக்கான ஜெபத்தில் மட்டும் ஒன்பதாம் நூற்றாண்டுவாக்கில் முழங்காலிடுவது நின்றுபோயிற்று. யூதர்கள் முழங்காலிட்டு இயேசுவைப் பரிகசித்தார்களாம், அதற்காக. மத்தேயுவைப் புரட்டினால் அப்படிப் பரிகசித்தவர்கள் ரோமானியச் சிப்பாய்கள். மூலத்தைப் படிக்காத ஒரு வியாக்கியானம் ஆயிரம் வருஷம் சடங்காக நின்றிருக்கிறது. அதே ஜெபத்தில் யூதர்களுக்கு ஒரு விசேஷணம்: 'பெர்ஃபிதிஸ்'. விசுவாசமற்றவர் என்பது பண்டிதர் தரும் பொருள். துரோகி என்பது காதில் விழுந்த பொருள். 1215ல் லாத்தரன் சங்கம், பெரிய வெள்ளியை ஒட்டிய நாட்களில் யூதர்கள் தெருவில் வரக் கூடாதென்று விதித்தது.

1928ல் 'இஸ்ரவேலின் நண்பர்கள்' என்ற குருக்கள் சங்கம் அந்தச் சொல்லை நீக்கக் கேட்டது. வாடிகன் சொல்லை வைத்துக்கொண்டு சங்கத்தைக் கலைத்தது. முழங்காலிடுவது 1955ல் திரும்பிற்று. 1959ல் இருபத்துமூன்றாம் ஜான் அந்தச் சொல்லை எடுத்தார். இடையில் ஆஷ்விட்ஸ் நடந்து முடிந்திருந்தது.

1724ன் பெரிய வெள்ளியன்று லைப்ஸிக்கில் பாஹ் தன் யோவான் பாடுகளை அரங்கேற்றினார். அதிலும் 'யூதர்கள்' கூச்சலிடுகிறார்கள், மூர்க்கமாக. ஆனால் இயேசு அறைபட்டதும், அடித்தது யார் என்ற கேள்விக்கு அதே பாடகர் குழு, நான், என் பாவங்கள் என்று பதில் சொல்கிறது. இசைத்தட்டில் கேட்கும்போதெல்லாம் இந்த இடம் என்னை நிறுத்துகிறது. படர்க்கை தன்மையாக மாறுவதற்கு ஒரு பாட்டு போதுமாயிருக்கிறது. ஆனாலும் கூச்சல் நீங்கிவிடவில்லை; இரண்டையும் ஒரே தொண்டைகள்தான் பாடுகின்றன.

பிலிப்பைன்ஸில் பம்பாங்கா மாகாணத்தின் ஸான் பெத்ரோ குடுட் கிராமத்தில் பாடுகளின் நாடகம் தொடங்கிற்று. பிறகு அங்கே நிஜமாகவே உள்ளங்கையில் ஆணி அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிஷப்புகள் விரும்பவில்லை. நம்மூர் நேர்த்திக்கடன் மாதிரிதான். எனக்கு இது உவப்பாக இல்லை. கலையென்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வலி நேர்ந்துகொண்டவனுடையது. இன்னொருவன் தலையில் அதை அவன் இறக்கிவைக்கவில்லை.

விசேஷணத்தை அலங்காரமாக நினைக்கும் பழக்கம் எழுதுகிறவர்களிடம் இருக்கிறது. ஒரு விசேஷணத்தை எடுக்க ஒரு போப் வேண்டியிருந்தது என்பதை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.