ரெண்டு விடியல் தூரம்

அக்கா மகன் இருப்பது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில். போன வாரம் அம்மா கேட்டாங்க, "எம்புட்டு தூரம்யா அது?" கிலோமீட்டர்ல சொன்னேன். "அந்தக் கணக்கு எனக்கு எதுக்கு? போய்ச் சேர எத்தனை பொழுது விடியும்?"

கரிசக்காட்டில் வெள்ளி முளைச்சதைப் பார்த்து ஏர் பூட்டினவங்க. அவங்க கணக்கு அப்படித்தான். ஆனா இந்தக் கேள்விக்கு நிஜமாவே "ரெண்டு" என்று பதில் இருந்த காலம் ஒண்ணு உண்டு!

1935-ல் லண்டனில் இருந்து பிரிஸ்பேனுக்கு விமானப் பாதை திறந்தது. கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர்னு இறங்கி ஏறிப் போக பன்னிரண்டரை நாள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழ, பாதை அறுந்து போச்சு.

அப்போ குவாண்டாஸ் ஒரு துணிச்சலான வேலை செஞ்சது. இலங்கையில் காலிக்குப் பக்கம் கொக்கல என்று ஓர் ஏரி. நம்ம கோவில்பட்டிக்கு நேர்கோட்டில் பார்த்தால் சென்னையை விடப் பக்கம். அங்கிருந்து பெர்த் வரை சுமார் 5,650 கி.மீ. நடுவில் எங்கேயும் இறங்காமல் கேட்டலினா என்ற கடல் விமானத்தை ஓட்டினாங்க. 1943 முதல் 1945 வரை 271 தடவை.

ரெண்டே எஞ்சின். மணிக்கு 200 கி.மீ. வேகம். எரிபொருள் மட்டும் சுமார் 9,000 லிட்டர். அதனால் பயணிகள் மூணே பேர், தபால் 69 கிலோ. பயண நேரம் 27 முதல் 33 மணி வரை. காத்து எதிர்த்தா அம்புட்டுதான், இழுத்துக்கிட்டே போகும். வழியில் ஒரு விடியல், மறுநாள் இன்னொரு விடியல். அதனால் பெயரே 'இரட்டைச் சூரியோதயம்'.

கிளம்பின முதல் சில மணி நேரத்தில் ஒரு எஞ்சின் நின்னாலும் கதை முடிஞ்சது. எடை அப்படி. ஜப்பான்காரன் காதில் விழக்கூடாதுன்னு ரேடியோவில் பேசவும் தடை. திசை பார்த்தது நட்சத்திரத்தை வைத்து. விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்தான்: ஆல்டேர், வேகா, ரைஜெல், ஸ்பைகா, அன்டாரெஸ். இதில் ஆல்டேர் நம்ம திருவோணம், ஸ்பைகா சித்திரை, அன்டாரெஸ் கேட்டை. 271 பயணத்தில் ஒரு விமானம்கூட தொலையலை என்பதுதான் ஆச்சரியம். போர் முடிஞ்சதும், அமெரிக்காவிடம் இரவலா வாங்கின ஒப்பந்தப்படி, அந்த விமானங்களைக் கடலில் மூழ்கடிச்சிட்டாங்க.

இன்னைக்கு? 2018-ல் இருந்து பெர்த்–லண்டன் 14,500 கி.மீ.யை நிக்காமல் 17 மணி நேரத்தில் பறக்கிறாங்க. நம்ம ஊர்க்காரங்க திருச்சி, சிங்கப்பூர் வழியா பெர்த் போனா, ஆகாயத்தில் இருக்கிற நேரம் ஒன்பது மணி சொச்சம்தான்.

எல்லாத்தையும் அம்மாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்போ ஒரு ராத்திரிதான். பெறகு ஏன்யா அவன் மூணு வருசமா வரலை?" என்றாங்க.

பேச்சை மாத்திட்டேன். இந்தப் பதிவை முதலில் அவனுக்குத்தான் அனுப்பணும்.