ஒரு முடி, நான்கு நாடுகள்

சென்ற வாரம் முதலாம் எலிசபெத் மகாராணி வாரிசின்றி இறந்ததோடு நிறுத்தியிருந்தோம். 1603-ல் இங்கிலாந்தின் அரியணை அவருடைய உறவினரான ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸுக்குப் போனது. ஸ்காட்லாந்தில் ஆறாம் ஜேம்ஸ், இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ். குழப்பத்துக்குப் பிள்ளையார் சுழி அப்போதே போட்டாகிவிட்டது.

இரண்டையும் ஒரே ராஜ்ஜியமாக்க ஜேம்ஸுக்கு ஆசை. 1604-ல் தம்மை 'கிரேட் பிரிட்டனின் அரசர்' என்று தாமே அறிவித்துக்கொண்டார். லண்டன் நாடாளுமன்றம் மசியவில்லை. ஒரே ராஜ்ஜியம் என்பது சட்டமாக 1707 ஆகிவிட்டது. பனாமாவில் குடியேற்றம் அமைக்கப் போய் ஸ்காட்லாந்துப் பணக்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நஷ்டத்துக்கும் சேர்த்தே இணைப்பு ஒப்பந்தம் சுமார் 3,98,000 பவுன் ஒதுக்கியது. ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்தது. நீதிமன்றங்களையும் திருச்சபையையும் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

வேல்ஸுக்குப் பேரம் பேசவே வாய்ப்பில்லை. எட்டாம் ஹென்றி 1536-லேயே அதை இங்கிலாந்தோடு சேர்த்துவிட்டார். சட்டங்களில் 'இங்கிலாந்து' என்று எழுதினாலே வேல்ஸும் அடக்கம் என்றது 1746-ன் சட்டம் ஒன்று. பிரிட்டிஷ் கொடியில் வேல்ஸின் அடையாளம் இல்லாததும் இதனால்தான்.

1798-ல் அயர்லாந்தில் கிளர்ச்சி வெடித்தது. அடக்கிய கையோடு 1801-ல் அதையும் இணைத்து 'ஐக்கிய ராஜ்ஜியம்' ஆக்கினார்கள். 1922-ல் 32 கவுண்டிகளில் 26 தனி நாடாகப் பிரிந்தன. மிஞ்சிய ஆறுக்காக 1927-ல் பெயரில் 'வட அயர்லாந்து' ஏறியது.

ஆக, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தது கிரேட் பிரிட்டன். வட அயர்லாந்தையும் கூட்டினால் ஐக்கிய ராஜ்ஜியம். உலகக்கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் இவை நான்கு அணிகள். ஒலிம்பிக்கிலோ ஒரே அணி.

நம் ஊரில் இத்தனை வேறுபாடும் 'வெள்ளைக்காரன்' என்ற ஒரே சொல்லில் கரைந்துபோனது. சென்னையில் குதிரைமேல் சிலையாக நிற்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர்.

1999-ல் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் தத்தம் சட்டமன்றங்களுக்கு அதிகாரம் பெற்றன. உலகம் மொத்த நாட்டுக்கும் பெயராகச் சூட்டிய இங்கிலாந்துக்கு மட்டும் தனிச் சட்டமன்றம் கிடையாது. அதன் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்குமான சட்டங்களில் ஸ்காட்லாந்து எம்.பி.க்களும் வாக்களிக்கலாம், ஸ்காட்லாந்துப் பள்ளிகளின் விஷயத்தில் இங்கிலாந்து எம்.பி.க்களுக்கு வேலையில்லை. பெரிய அண்ணனுக்குத்தான் வீட்டில் தனி அறை இல்லை!

(தொடரும்)