எடைக்குப் போன நோட்டுகள்

எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் இளைஞர்களுக்காக ஒரு எழுத்துப் பட்டறை நடத்தினோம். பேச வந்த எழுத்தாளர் நல்ல மனுஷர்தான். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்திருப்பாராம். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொள்வாராம். மனசு குவிந்த பிறகுதான் பேனாவைத் தொடுவாராம். பின்வரிசையிலிருந்து ஒரு பொண்ணு எழுந்தாள். "சார், நாலு மணிக்கு நான் தண்ணி புடிக்கப் போவணும். எங்க வூடே ஒரே அறைதான். அப்ப நான் எழுத முடியாதா?" கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

எழுத்தாளரின் பழக்கம் என்றாலே அறை, மேசை, தனிமை என்று பேசிப் பழகிவிட்டோம். அது வீட்டில் அறை மிச்சம் உள்ளவர்களின் வரலாறு. நம்மவர்கள் எழுதிய வரலாறு வேறு. எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் ஒரு வகுப்பில்கூட அதை நான் கேட்டதில்லை. வெளியே வந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். 4 பக்கம், விலை 2 அணா. கையில் இருந்த முதல் 10 ரூபாய். இரண்டே நாளில் 400 படிகள்போல விற்றதாக 1939இல் வெளிவந்த தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். மாதப் பத்திரிகையாக வந்தது சீக்கிரமே வாரப் பத்திரிகை ஆனது. 1900 வரை நடந்தது. எந்தச் சொல்லால் நம்மைத் திட்டினார்களோ அதையே எடுத்துத் தலைப்பாகப் போட்டார். கூச்சப்படுகிற சொல்லிலிருந்து எழுத ஆரம்பிப்பது என்பது அவரிடம் நான் கற்றுக்கொண்டது.

அடுத்து அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. அதற்கும் 4 பக்கம்தான். விலை பேரிலேயே இருக்கிறது. ஒரு வருஷத்தில் 'தமிழன்' ஆனது. புதன்கிழமைதோறும் வெளிவந்தது. 1914 மே 5 அன்று அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய ஏழு வருஷம், வாராவாரம் எழுதினார். சித்த வைத்தியம் அவர் தொழில். நோயாளிகள், சங்க வேலை, பௌத்தப் பணி எல்லாவற்றுக்கும் நடுவில்தான் எழுதினார். மனசு குவியட்டும் என்று அவர் காத்திருந்தால் புதன்கிழமை காத்திருக்குமா?

அவரிடம் இன்னும் இரண்டு பழக்கங்களைப் பார்க்கிறேன். ஒன்று, வாசகர் அனுப்பிய கேள்விகளுக்குப் பத்திரிகையிலேயே பதில் எழுதியது. யாரோ ஒரு தொழிலாளி கேட்ட சந்தேகம் அவருக்கு ஆராய்ச்சிப் பொருளானது. இன்னொன்று, எல்லாரும் பழகிப்போன சொல்லை, பண்டிகையை நிறுத்திவைத்து விசாரித்தது. தீபாவளி அசுரனைக் கொன்ற நாள் இல்லை, எள்ளிலிருந்து எண்ணெய் கண்டுபிடித்த நினைவுநாள் என்று எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஒத்துக்கொள்ளாது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'உனக்குச் சொன்ன கதையை நீ ஏன் அப்படியே நம்புறே?' என்று கேட்கிற தைரியம் இருக்கிறதே, அது நமக்கு வேண்டும்.

அண்ணல் அம்பேத்கரின் கதை தெரிந்ததுதான். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய தலைமையுரையில் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்று விட்டார். மாநாடே நடக்கவில்லை. பேசாத பேச்சைச் சொந்தச் செலவில் 1,500 படி அச்சிட்டார். இரண்டு மாதத்தில் தீர்ந்துபோனது. 1937இல் இரண்டாம் பதிப்பு வருவதற்குள் தமிழில்கூட அது மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. அந்தப் பதிப்பில் காந்தியின் மறுப்பையும் சேர்த்து, தன் பதிலையும் போட்டார். எதிராளி சொன்னதை மறைக்காமல் பக்கத்திலேயே வைத்துப் பதில் சொல்வது ஒரு பழக்கம். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று முன்னாலேயே தெரிந்துவைத்திருப்பது இன்னொன்று.

இதெல்லாம் நமக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்திருக்கிறோமா? பண்டிதர் இறந்து 85 வருஷம் கழித்து, 1999இல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரண்டு தொகுதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய 'தமிழன்' இதழ்களைத் தூக்கிப் போடாமல் பொத்திப்பொத்தி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் வைத்திருந்து கொடுக்கவில்லை. அம்பேத்கர் அச்சேற்றாமல் விட்டுப்போன கையெழுத்துப் படிகள் பலவும், மகாராஷ்டிர அரசு 1979இல் தொடங்கிய தொகுதிகளில்தான் புத்தகமாயின. எழுதியது பாதி என்றால் காப்பாற்றியது மீதி.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் பெரியப்பா எட்டாவது வரைக்கும் படித்தவர். காலனிக்காக மனு எழுதுவது அவர் வேலை. பட்டா, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, எதுவாக இருந்தாலும் மனுவை நோட்டில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வெள்ளைத் தாளில் எழுதுவார். மேலே தேதி. கீழே யார் கையில் கொடுத்தது, அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி. அப்படி 11 நோட்டு இருந்தது. அவர் செத்த வருஷம் நான் ஊரில் இல்லை. வெள்ளையடிக்கும்போது பெரியம்மா போன் பண்ணி, "இந்த நோட்டெல்லாம் என்னப்பா பண்றது?" என்று கேட்டது. "பழசுதானே, எடைக்குப் போடு பெரிம்மா" என்றேன். நான்தான் சொன்னேன். தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவன்.

ரெண்டு வருஷம் கழித்து சுடுகாட்டுப் பாதையை அடைத்துவிட்டார்கள். அதிகாரி கேட்டார்: "இது உங்க பாதைன்னு எழுத்துல ஏதாச்சும் இருக்கா?" பெரியப்பா எத்தனை முறை எழுதினாரோ, தெரியாது. எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. இன்றைக்கும் பிணத்தைச் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு போகிறோம்.

எழுத வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அறைக்காகக் காத்திருக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளை உங்கள் புதன்கிழமை ஆக்கிக்கொள்ளுங்கள். கதையோ மனுவோ, தேதி போடுங்கள். இரண்டு படி எடுங்கள். ஒன்று அடுத்தவர் வீட்டில் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நோட்டு எதையும் என்னைக் கேட்காமல்கூட எடைக்குப் போடாதீர்கள்.

அந்தப் பொண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான். தண்ணி வரிசையில நின்னுக்கிட்டே எழுதும்மா. நாலே வரின்னாலும் எழுது. வரிசையில யார் முன்னால போனாங்க, யாரைப் பின்னால தள்ளுனாங்கன்னு எழுது. ஒரு படிய எங்கிட்ட குடு. இந்தத் தடவை பத்திரமா வச்சிருக்கேன்.