மூன்று தலை நாய்

1962. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம். அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர். பலர் அதைப் பங்கு போட்டுக்கொள்ள ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. ஆளுக்கொரு பாஸ்வேர்ட். நேரம் அளந்துதான் கிடைக்கும்.

ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் நான்கு மணி நேரம். போதவில்லை. என்ன செய்தார்? துளை அட்டை ஒன்றைப் போட்டு, எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலை பிரிண்ட் எடுக்கச் சொன்னார். கம்ப்யூட்டரும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது! அப்புறமென்ன, அடுத்தவர் கணக்கில் ஜாலியாக வேலை.

1966-ல் அதே இடத்தில் இன்னொரு கூத்து. இரண்டு ஃபைல்கள் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதில் பாஸ்வேர்ட் பட்டியல் தரிசனம் தந்தது.

எல்லாச் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டினால் இதுதான் வம்பு. ஆனால் மாட்டாமலும் முடியாது.

1983-ல் ஐ.பி.எம்., டி.இ.சி. நிறுவனங்களோடு கைகோத்து எம்.ஐ.டி. ஆரம்பித்தது 'ப்ராஜக்ட் அதீனா'. வளாகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள். மாணவர் எதன் முன்னால் உட்கார்ந்தாலும் அவருடைய ஃபைல்கள் அங்கே வரவேண்டும். ஆகவே பெயர்ப் பட்டியல் ஓரிடத்தில், ஃபைல்கள் பொதுக் கிடங்கில். சரி, பாஸ்வேர்ட் கேபிள் வழியே போகும்போது நடுவில் ஒருத்தன் ஒட்டுக்கேட்டால்?

இதற்குப் பிறந்த விடைதான் கெர்பரஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். உங்கள் பாஸ்வேர்ட் உங்கள் கம்ப்யூட்டரைத் தாண்டிப் போகாது. காவல் சர்வர் பூட்டிய பொட்டலம் ஒன்றை அனுப்பும். சரியான பாஸ்வேர்ட் இருந்தால்தான் அது திறக்கும். உள்ளே ஒரு டிக்கெட். அதை வைத்துக்கொண்டு கிடங்கு, பிரிண்டர் என்று சுற்றி வரலாம். சில மணி நேரத்தில் காலாவதி. திருடினாலும் ரொம்ப நேரம் செல்லாது.

விண்டோஸ் 2000-ல் மைக்ரோசாஃப்ட் இதை எடுத்துக்கொண்டது. இன்றைக்குப் பத்து கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீஸில்கூட, ஒரே லாகின், பொது ஃபோல்டர் என்று விண்டோஸ் சர்வர் வைத்திருந்தால் உள்ளே காவல் காப்பது பெரும்பாலும் இந்த நாய்தான்.

ஆனால் ஒன்று. தலை மூன்றானாலும் நாய் ஒன்றுதான். ஆணி கெட்டியானதே தவிர, சாவிகள் எல்லாம் இன்னமும் அதில்தான் தொங்குகின்றன. அந்த சர்வரைப் பிடித்தவன் மொத்த ஆபீஸையும் பிடித்துவிடுவான்.

எனவே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஊழியர்களை விரட்டும் முதலாளிகள் முதலில் பார்க்க வேண்டியது வேறு. அந்த சர்வர் இருக்கும் ரூமுக்குப் பூட்டு இருக்கிறதா?