இரு வீரர்கள், ஒரு திடல்



கோடையில் காவிரியில் நீர் குறைந்து மணல் தெரியும்போது, எங்கள் குமாரபாளையத்துச் சிறுவர்கள் மட்டையும் பந்துமாக ஆற்றில் இறங்கிவிடுவர். தறியோசை நிறைந்த தெருக்களில் கிட்டாத இடம் அவர்களுக்கு அம்மணலில் கிட்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், அவ்வாறு ஆடிவிட்டு வந்த மாணவன் ஒருவன் வரலாற்று வகுப்பில் எழுந்து, "ஐயா, இரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் தந்த இரஞ்சி இந்தியாவுக்காக ஆடவே இல்லையாமே! அவர் பெயரை நாம் ஏன் போற்ற வேண்டும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு விடை காண இரஞ்சியைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. அவர் காலத்திலேயே நம் சென்னையில் வாழ்ந்த மற்றொருவரையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இரஞ்சித்சிங்ஜி 1872ஆம் ஆண்டு கத்தியவார் நாட்டில் பிறந்தவர். இராஜ்கோட்டில் அரசகுமாரர்களுக்கென அமைந்த கல்லூரியில் பயின்று, 1888இல் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் நகரில் அவர் தொடக்கத்தில் பெரிய ஆட்டக்காரராக விளங்கவில்லை. விரைவாக வரும் பந்தைக் கண்டால் அவர் கால் பின்வாங்குமாம். அக்குறை நீங்க, வலக் காலைத் தரையோடு கட்டிவைத்துப் பயிற்சி செய்தார் என்று சொல்லுவர். கால் நகர முடியாத நிலையில், மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைக் காலோரமாகப் பின்புறம் வழுக்கிவிடும் அடி பிறந்தது என்பர். அந்த அடியே பின்னர் அவர் புகழுக்கு அடையாளமாயிற்று. 1893இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றார். அவ்விடத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

இங்கிலாந்தில் மாவட்டத்தைக் கவுண்டி என்பர். கவுண்டிதோறும் ஓர் அணி உண்டு. சசெக்ஸ் கவுண்டி அணிக்காக 1895இல் இரஞ்சி ஆடிய முதல் ஆட்டத்திலேயே 77, 150 என ஓட்டங்களைக் குவித்தார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியர் வந்தபோது, லார்ட்ஸ் திடலில் ஆடிய இங்கிலாந்து அணியில் அவருக்கு இடம் தரப்படவில்லை. இந்நாட்டில் பிறவாதவர் இந்நாட்டின் அணியில் ஆடலாமா என்னும் கேள்வி அங்கே எழுந்திருந்தது. அக்காலத்தில் ஆட்டம் நடக்கும் திடலின் குழுவினரே அணியைத் தேர்ந்தெடுப்பர். மான்செஸ்டர்க் குழுவினர் அவரை அழைத்தனர். 1896 ஜூலையில் அங்கே அவர் முதலில் 62 ஓட்டங்களும், பின்னர் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்களும் எடுத்தார். இங்கிலாந்து தோற்றது, ஆயினும் இரஞ்சியின் தகுதியை ஐயுற இடமில்லாது போயிற்று. அதே ஆகஸ்டில், ஹோவ் நகரில் யார்க்சயர் அணிக்கெதிராக ஒரே நாளில் இரு சதங்கள் அடித்தார். 1899இல் ஒரே பருவத்தில் 3,000 ஓட்டங்களைக் கடந்த முதல் ஆட்டக்காரர் என்னும் பெருமையையும் பெற்றார். விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்தில், அடிமை நாட்டிலிருந்து சென்ற ஒருவர் ஆள்வோரின் ஆட்டத்தில் அவர்களையே விஞ்சி நின்றார் என்பது சிறிய செய்தியன்று.

இனிச் சென்னைக்கு வருவோம். இரஞ்சி கப்பலேறிய அதே 1888ஆம் ஆண்டில், மயிலாப்பூரைச் சேர்ந்த இருபது வயது இளைஞர் ஒருவர் இந்தியருக்கென ஒரு கிரிக்கெட் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பெயர் மோத்தவரப்பு வேங்கட மகிபதி நாயுடு. ஊரார் அவரைப் புச்சிபாபு என்று அழைத்தனர். சேப்பாக்கத்தில் ஆங்கிலேயரின் சென்னைக் கிரிக்கெட் சங்கம் இருந்தது. அங்கே ஆடச் செல்லும் இந்தியருக்கு உள்ளே உணவருந்த இடமில்லை. மரத்தடியில் அமர்ந்தே உண்பர் என்று சொல்லுவர். செல்வக் குடியில் பிறந்த புச்சிபாபு தமக்கு மட்டும் ஓர் இடம் கேட்டுப் பெற முயன்றாரில்லை. சென்னை ஐக்கிய கிரிக்கெட் சங்கம் என்னும் பெயரில் இளைஞரைத் திரட்டினார். மட்டை, பந்து, உடை யாவற்றிற்கும் தம் கைப்பொருளைச் செலவிட்டார்.

ஆங்கிலேயரும் இந்தியரும் சமமான இரு அணிகளாக எதிர்நின்று ஆட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1908இல் அதற்கான ஏற்பாடு முடிந்தது. ஆனால் ஆட்டம் நிகழுமுன்பே, நாற்பது வயதில் அவர் காலமானார். ஏற்பாடு நின்றுவிடவில்லை, ஆட்டம் நடந்தது. பிற்காலத்தில் அது பொங்கல் நாட்களில் நடைபெறும் இராசதானிப் போட்டியாக வளர்ந்து, 1952 வரை நீடித்தது. அவர் மகன் சி. இராமசாமி பிறந்தது 1896இல். இரஞ்சி மான்செஸ்டரில் புகழ்பெற்ற அதே ஆண்டு. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1936இல், அதே மான்செஸ்டர்த் திடலில் இராமசாமி களமிறங்கி 40, 60 என ஓட்டங்கள் எடுத்தார். இரஞ்சி அங்கு ஆடியது இங்கிலாந்துக்காக; இராமசாமி ஆடியது இந்தியாவுக்காக.

இரஞ்சி 1907இல் நவாநகரின் அரசரானார், 1933இல் மறைந்தார். இந்தியக் கிரிக்கெட்டை வளர்க்க அவர் போதிய அளவு முயலவில்லை என்னும் குறை இன்றும் கூறப்படுகிறது. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் 1895இல் சசெக்ஸ் அணியில் சேர்ந்தபோது, இந்தியாவின் பெயரால் ஆட ஓர் அணியே இல்லை. இந்திய அணியின் முதல் டெஸ்ட் ஆட்டம் நிகழ்ந்தது 1932இல்தான். இல்லாத அணிக்கு அவர் எவ்வாறு ஆடியிருக்க முடியும்? இந்தியனால் இயலும் என்பதை அவர் உலகுக்குக் காட்டினார். இயன்றவர் ஆடுவதற்கு ஓர் இடத்தைப் புச்சிபாபு உண்டாக்கினார். நெசவூரில் வாழும் நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை: கண்ணைக் கவர்வது ஊடையின் வண்ணம், அதைத் தாங்குவது பாவு.

இரஞ்சியின் நினைவாக ஏற்பட்ட கோப்பைக்கான முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4ஆம் நாள் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்தது. ஒரே நாளில் முடிந்த அவ்வாட்டத்தில் சென்னை வென்றது. அது நடந்த இடம் எது தெரியுமா? சேப்பாக்கம், முன்பு இந்தியர் மரத்தடியில் அமர்ந்து உண்டதாகச் சொல்லப்படும் அதே திடல்.

அம்மாணவனுக்கு நான் இவ்வளவையும் கூறி முடித்தேன். அவன் சற்று எண்ணிப் பார்த்து, "ஐயா, அப்படியானால் புச்சிபாபுவின் பெயரில் ஒரு போட்டியும் இல்லையா?" என்றான். உண்டு, அவர் மறைந்த மறு ஆண்டு தோன்றிய புச்சிபாபு நினைவுப் போட்டி இடையிடையே நின்றாலும் மீண்டும் மீண்டும் தழைத்து வந்துள்ளது. அப்பெயரை அடுத்த முறை நீங்கள் செய்தித்தாளில் காணும்போது, ஆட்டத்தின் முடிவை மட்டும் பார்த்துக் கடந்து சென்றுவிடாதீர்கள்.